எத்தனை சதவீதம்னு அப்புறம் பார்க்கலாம், எதுல சதவீதம்?

வடசென்னையில் ஒரு கலைக்கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். என் துறைப் பிள்ளைகளுக்கு எடுப்பது பாதி வேலை. மீதி பாதி, பி.காம்., பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு 'குவாண்டிடேட்டிவ் ஆப்டிடியூட்' என்று ஒரு பேப்பர். அந்த வகுப்பில் முதல் நாளே ஒரு வசனம் தயாராக இருக்கும்: "மேம், எங்களுக்குக் கணக்கு வராது. வராதுன்னுதான் இந்த மேஜரே எடுத்தோம்." சொல்கிறவள் விடியற்காலையில் காசிமேட்டில் அம்மாவோடு மீன் ஏலத்தில் நின்றுவிட்டு வந்திருப்பாள். பின்வரிசையில் சிரிக்கிறவன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சாப்பாடு டெலிவரி செய்துவிட்டு, ஆர்டருக்கு இவ்வளவு, இன்சென்டிவ் இவ்வளவு, பெட்ரோல் போக கையில் நின்றது இவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வான். இவர்களுக்குக் கணக்கு வராதாம்!

பல வருஷமாக இந்தப் பேப்பரை எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் பெரிய பிரச்சனையே இல்லை. அது தகராறு செய்தால் போனில் கால்குலேட்டர் இருக்கிறது. மாட்டிக்கொள்கிற இடம் வேறு. ஓர் எண்ணைப் பார்த்ததும், அது எதன் மேல் போட்டது, எதோடு ஒப்பிட்டது என்று கேட்காமலே கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். வகுப்பில் இதை 'எதுல?' என்று சுருக்கிவிட்டோம். 10 சதவீதம் என்றால், எதுல? பாதிப் பேர் என்றால், எத்தனை பேர்ல? தினம் 900 ரூபாய் வருது என்றால், எத்தனை மணி நேரத்துல, எதெல்லாம் கழிக்காம? இந்த ஒரு கேள்வி பழக்கமாவதற்குள் செமஸ்டரில் பாதி ஓடிவிடும். போர்ஷன் முடியவில்லை என்று துறைத்தலைவர் கேட்பார். கேட்கட்டும்.

என்னைப் போல வேறு துறைப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் யோசனை: லாப நஷ்டத்தில் ஆரம்பிக்காதீர்கள், அட்டெண்டன்ஸில் ஆரம்பியுங்கள். வகுப்பில் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் அதில் பயம் உண்டு.

எங்களுக்கு செமஸ்டருக்கு 90 நாள், 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். 67.5 என்று வரும், அரை நாள் வர முடியாது, ஆக 68 நாள். ஒரு பையன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது என்ற காரணத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்கிறவன், 60ஆம் நாள் வாக்கில் வந்து நின்றான். அப்போது அவன் கணக்கில் இருந்தது 60 சதவீதம். "இனிமே ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன் மேம். 60ம் 100ம் கூட்டினா 160, ரெண்டால வகுத்தா 80. 75 தாண்டிடும்ல?" முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் பதில் சொல்லாமல் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன், இவன் சொல்வது சரியா? முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே, "அந்த 60, அறுபது நாள்ல. இந்த 100, முப்பது நாள்லதானே?" என்றாள்.

போர்டில் போட்டுப் பார்த்தோம். 60 நாளில் 60 சதவீதம், அதாவது 36 நாள் வந்திருக்கிறான். மீதி 30 நாளும் வந்தால் 66. தொண்ணூறில் 66 என்பது 73.3 சதவீதம். என்ன குட்டிக்கரணம் அடித்தாலும் 75 வராது. பையன் முகம் விழுந்துவிட்டது. இதையே 45ஆம் நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால்? 27 நாள் வந்திருப்பான், 68க்கு இன்னும் 41, மீதி இருப்பது 45. நான்கு நாள் லீவுகூட போட்டிருக்கலாம். அதே 60 சதவீதம்தான், ஆனால் எப்போது அந்த 60 என்பதில் தலையெழுத்தே மாறிவிடுகிறது. (அபராதம் கட்டி அவன் பரீட்சை எழுதினான், அது வேறு கதை.) அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் இரண்டு சதவீதத்தைக் கூட்டி இரண்டால் வகுக்க யாருக்கும் கை வரவில்லை. கிரெடிட் வெவ்வேறாக இருக்கும் பாடங்களின் மதிப்பெண்ணை ஏன் சும்மா கூட்டி வகுக்கக் கூடாது என்பதை நான் தனியாக எடுக்கவே இல்லை, அவர்களே வந்து சொன்னார்கள்.

அடுத்து மீன். காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மீனை விட்டால் வேறு என்ன எடுப்பது? இறால் தோலோடு கிலோ 400, உரித்தது கிலோ 750, எது லாபம் என்று கேட்டேன். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் 400தான் என்றார்கள். முதல் நாள் தனக்குக் கணக்கு வராது என்று சொன்னாளே, அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "எறா உரிச்சா பாதிதான் மேம் நிக்கும். 400 குடுத்தா கைக்கு வர்றது அரைக் கிலோ. அப்ப கிலோ 800 ஆச்சு. உரிச்சதையே வாங்கிட்டா 50 ரூபா மிச்சம், கைவலியும் மிச்சம்."

அதே வாரம் டெஸ்டில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஒரு பொருளைச் சுத்தம் செய்கையில் அதன் எடையில் 40 சதவீதம் குறைகிறது. கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினால், சுத்தம் செய்த பொருளின் அடக்க விலை கிலோவுக்கு எவ்வளவு? அவள் எழுதிய விடை 420. முந்நூறுக்கு 40 சதவீதம் 120, கூட்டினால் 420. கூப்பிட்டு, 'பொருள்' என்று இருக்கிற இடத்தில் எல்லாம் எறா என்று எழுதிப் படி என்றேன். வாய்க்குள் படித்தாள். "அறநூறு கிராம்தான் நிக்கும். 600 கிராம் 300 ரூபா. நூறு கிராம் 50. அப்ப 500 மேம்!" என்றவள், எழுதிய 420ஐ ஏதோ அடுத்த வீட்டுக்காரர் எழுதியதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த 40 சதவீதம் எடையில் போனது, அதைக் கொண்டுபோய் விலையில் ஏற்றிவிட்டாள். மீன் கூடை முன்னால் இந்தத் தப்பு அவளுக்கு வரவே வராது. பேப்பரில் அந்த 40 எங்கே போய் ஒட்டுகிறது என்று சொல்ல மீன் இல்லை.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காய், பழம் விற்கும் சிறுவர்களிடம் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. வியாபாரத்தில் கேட்டபோது ஏறக்குறைய எல்லாக் கணக்கையும் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது பாதிகூடத் தேறவில்லை. 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் 'நேச்சர்' இதழில் வந்தது. அதில் மறுபக்கமும் இருக்கிறது: பள்ளிக்கணக்கை நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியிருக்கிறார்கள். ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்று நம்பித்தான் நாம் பாடத்திட்டம் போடுகிறோம். வராது. நடுவில் ஆள் நின்று கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டும், அந்த வேலைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கணக்கு என்றாலே ராமானுஜனைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. ராயபுரத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசன் ஆசை ஆசையாகச் சேர்த்தது, அவசியம் போய்ப் பாருங்கள். 1912இல் இங்கே துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாக இருந்தார் என்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம். ஆனால் டிசம்பர் 22 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பேராற்றலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால், கணக்கு வராது என்று வந்த பிள்ளை 'பார்த்தீங்களா, இது மேதைகளுக்கு' என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போகும்.

சரி, கடனுக்கு வருவோம். இதில் நான் சொல்லிக்கொடுத்ததைவிட வகுப்பு எனக்குச் சொன்னது அதிகம். எங்கள் பக்கம் தண்டல் தெரியாத வீடு குறைவு. 10,000 தண்டல் என்றால் 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள், அப்புறம் தினம் 100 வீதம் 100 நாள். (1,500 பிடிக்கிறவர்களும் உண்டு.) வட்டி எவ்வளவு என்றால் வகுப்பே 10 சதவீதம் என்றது. எதுல? கைக்கு வந்தது 9,000. அதுவும் 100 நாள் முழுக்கக் கையில் இருக்கவில்லை, மறுநாளே 100 போய்விட்டது, ஐம்பதாவது நாள் பாதி போய்விட்டது. குத்துமதிப்பாக, சராசரியாக 4,500 ரூபாயை 100 நாள் வைத்திருந்ததற்கு 1,000 ரூபாய். அது 22 சதவீதம். வருஷத்துக்குப் பார்த்தால் 3.65 மடங்கு, சுமார் 80 சதவீதம். ஊரில் யாராவது மூணு வட்டிக்குக் கொடுத்தால், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம், அநியாயம் என்கிறோம்.

நான் போர்டில் 80 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினால், எறா கணக்குச் சொன்னவள் கோபமாக இருந்தாள். "எங்கம்மாவுக்கு அது தெரியும் மேம். விடியக்காலை ஏலத்துல ரொக்கம் வெக்கணும். அந்நேரத்துல எந்த பேங்க் தொறந்திருக்கு? அந்த 9,000ஐப் போட்டு ஒரு நாள்ல 700, 800 எடுப்பாங்க. அதுல 100 குடுத்தா என்ன?" வகுப்பு அமைதியாகிவிட்டது. சரியான கேள்வி. 80 சதவீதம் என்பதை நான் பேங்க் வட்டியோடு ஒப்பிட்டேன். அவள் அம்மா தினம் சுழற்றி எடுக்கும் லாபத்தோடு ஒப்பிட்டாள். அந்த அம்மாவுக்கு அந்த நேரத்தில் கடன் கொடுக்கத்தான் ஆள் இல்லை, கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும். நிதி விழிப்புணர்வு முகாம் என்று பேனர் கட்டி வருகிறவர்கள் இதை யோசித்துவிட்டு வந்தால் நல்லது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே இன்னொன்றும் சொன்னாள். "தடைக்காலம் வந்தா மட்டும் மாட்டிக்குவாங்க மேம்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து சுருங்கும், தினம் 700 என்ற வருமானம் நிற்கும், ஆனால் தினம் 100 நிற்காது. மார்ச் மாதம் எடுத்த தண்டலை அடைக்க மே மாதம் இன்னொரு தண்டல். ஆக எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் கணக்கில் வரவேண்டும். என் நோட்ஸில் இல்லாத மாறி (வேரியபிள்) அது. அடுத்த வருஷ நோட்ஸில் சேர்த்துவிட்டேன்.

பையன்களுக்கு வண்டிக் கடன். ஒருவன் கொண்டுவந்த தாளில் 60,000 ரூபாய், 12 சதவீதம், 24 மாதம், இ.எம்.ஐ. 3,100 என்று இருந்தது. பிளாட் வட்டி. வருஷத்துக்கு 7,200, இரண்டு வருஷத்துக்கு 14,400, மொத்தம் 74,400, அதை 24ஆல் வகுத்தால் 3,100. கணக்கு சுத்தம். எதுல 12? கடைசி மாதம் வரைக்கும் முழு 60,000மும் அவனிடமே இருக்கிற மாதிரி போட்ட 12. குறையும் அசலில் 12 சதவீதம் போட்டால் இ.எம்.ஐ. ஏறக்குறைய 2,825தான் வரும், மொத்த வட்டி 7,800க்குள். அவன் கட்டப்போகிற 3,100ஐக் குறையும் அசல் கணக்கில் திருப்பிப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்துக்கு மேல் போகிறது. இதைக் கணக்குப் போட ஃபார்முலா எல்லாம் வேண்டாம். எக்ஸெலிலோ கூகுள் ஷீட்ஸிலோ 'ரேட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, மாதம் எத்தனை, தவணை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று மூன்றைக் கொடுத்தால் (தவணைக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும்) மாத வட்டி வரும், 12ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுத்தால் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும், இதர கட்டணங்களும் சேர்ந்த வருஷ வட்டி அது. ஷோரூமில் ஹெல்மெட் கலரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைப் பாருங்கள்.

இனி, பட்டப்படிப்பின் பெரிய கூத்தான பிராஜெக்ட். மூன்றாம் வருஷம் எல்லாரும் 100 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து அட்டவணை போட்டு, ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் 'பெரும்பாலான (34 சதவீத) வாடிக்கையாளர்கள்' என்று எழுதுவார்கள். வைவாவில் நான் கேட்கும் முதல் கேள்வி, 66 பேர் எங்கே போனார்கள்? நான்கு பதில்களில் 34தான் பெரிது என்பது சரி, ஆனால் அது பெரும்பான்மை ஆகாது. போன வருஷ பிராஜெக்ட் பைண்டிங்கில் இருந்தது மேம் என்பார்கள். பைண்டிங் கடையில் ஒரே வார்த்தைகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. இரண்டாவது கேள்வி, அந்த 100 பேரை எங்கே பிடித்தீர்கள்? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பிடித்திருந்தால் அது எம்.சி. ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களின் கருத்து, 'சென்னை மக்களின் மனப்பான்மை' என்று அட்டையில் போட முடியாது. பாதிப் படிவத்தைத் தோழிகளே உட்கார்ந்து நிரப்பியிருந்தால் அது தோழிகளின் மனப்பான்மை.

இதற்காக நான் இரண்டு கட்டாயங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, 20 பேருக்குக் கீழே இருந்தால் சதவீதமே போடக்கூடாது, '12 பேரில் 7 பேர்' என்று எழுது. 58.33 சதவீதம் என்று இரண்டு தசமத்தோடு எழுதினால் ஏதோ ஆயிரம் பேரைக் கேட்ட தோரணை வந்துவிடுகிறது. இன்னொன்று, எந்த அட்டவணைக்குக் கீழும் எண் இல்லாமல் ஒரு வரி தமிழில் எழுத வேண்டும், வீட்டில் பாட்டிக்குச் சொல்வது போல. அந்த ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்த அட்டவணை அவர்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பழைய பைண்டிங் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள்; தமிழில் ஒளிய இடம் இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டு ரசிப்பது குத்துமதிப்புக் கணக்கைத்தான், அதுவும் மழைக்காலத்தில். ஒரு சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் (சரியாகச் சொன்னால் 0.93). இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். 600 சதுர அடி மொட்டைமாடியில் 20 சென்டிமீட்டர் பெய்தால் 11,000 லிட்டர் சொச்சம், தனியார் தண்ணீர் லாரி ஒன்றில் கொள்ளும் 12,000 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்ற பிள்ளைகள் இவர்கள். ஒவ்வொரு மாடியும் ஒரு லாரியைத் தெருவில் கவிழ்த்தது என்று தெரிந்ததும், எங்கள் தெருவில் எத்தனை மாடி, கால்வாய் எவ்வளவு அகலம் என்று பேச்சு தானாகப் போகும். நான் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதோடு புழல். ஏரி நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி என்று செய்தியில் வருகிறது. அது எவ்வளவு? ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக 9,300 கோடி லிட்டருக்கு மேல். இப்படிச் சொன்னாலும் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஒரு கோடிப் பேர், தலைக்கு நாளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர். அப்படியானால் நிரம்பிய புழல் ஏரி, ஆவியாவதை எல்லாம் விட்டுவிட்டால், 93 நாளுக்கு வரும். மீஞ்சூர் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளுக்கு 10 கோடி லிட்டர், அதே கணக்கில் 10 லட்சம் பேருக்கு. இந்த வகுப்புக்குப் பிறகு 'மில்லியன் கன அடி' என்று பார்த்தால் சிலராவது நாளாக மாற்றிப் பார்க்கிறார்கள். 100 லிட்டர் என்பது யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியும் வரும். குடம் தூக்குகிற வீட்டுப் பிள்ளைகள், தங்கள் வீட்டில் ஆறு பேருக்கு எத்தனை குடம் என்று எண்ணிச் சொன்னார்கள். சராசரி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் கிடையாது.

ஷார்ட்கட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் அடிக்கடி சண்டை. "மேம், எதுல எதுலன்னு கேட்டுட்டே இருந்தா குரூப் 4ல டைம் பத்தாது." நியாயம்தான். குரூப் 4இல் 200 கேள்வியில் 25 கேள்வி திறனறிவு, ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண், ஆக 300க்கு 37.5. தமிழுக்கு 100 கேள்வி. கம்பெனிகளின் ஆப்டிடியூட் சுற்றில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. அங்கே ஷார்ட்கட் வேண்டும், நானே சொல்லித்தருகிறேன், கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் ஷார்ட்கட்டை மட்டும் படித்த பிள்ளைக்குக் கேள்வியில் ஒரு வார்த்தை மாறினால் கை நின்றுவிடும். 'அடக்க விலையில் 20 சதவீத லாபம்' என்பதும் 'விற்ற விலையில் 20 சதவீத லாபம்' என்பதும் வேறு வேறு. 100 ரூபாய் பொருளை முதலாவதில் 120க்கு விற்கிறோம், இரண்டாவதில் 125க்கு. கோச்சிங் செண்டர் தாளில் இரண்டுக்கும் தனித்தனி ஃபார்முலா இருக்கும். எதுல என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இரண்டும் ஒரே கணக்கு. ஆடித் தள்ளுபடியில் '50+20' என்று போர்டு வைத்தால் 70 இல்லை 60தான் என்பதும் அதே கணக்குதான்.

பரீட்சைத் தாள் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்கக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.சி. அண்ட் யூ இந்தத் திறனை மதிப்பிட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் ஆறு வரிசை: எண்ணைப் படித்துப் புரிந்துகொள்வது, அதை அட்டவணையாகவோ படமாகவோ மாற்றுவது, கணக்குப் போடுவது, அதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது, எதையெல்லாம் அனுமானமாக வைத்தோம் என்று சொல்வது, மற்றவருக்கு விளங்கும்படி எழுதுவது. நம்முடைய கேள்வித்தாள் மூன்றாவதை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. பல்கலைக்கழகத் தாளை நான் மாற்ற முடியாது, இன்டர்னல் என் கையில் இருக்கிறது. அதில் கால்குலேட்டரை அனுமதித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, விடைக்கு முன்னால் குத்துமதிப்பாக எவ்வளவு வரும் என்று எழுதினால் ஒரு மதிப்பெண், விடைக்குப் பின்னால் ஒரு வரி விளக்கத்துக்கு இரண்டு மதிப்பெண். குத்துமதிப்பு தப்பாக இருந்தாலும் மதிப்பெண் உண்டு, எழுதாமல் விட்டால்தான் போகும். முதல் டெஸ்டில் நிறையப் பேர் கணக்கை முடித்துவிட்டு, அப்புறம் மேலே வந்து அதே எண்ணைக் குத்துமதிப்பு என்று எழுதினார்கள். 23,417 என்று யாராவது குத்துமதிப்பு போடுவார்களா? கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

போன செமஸ்டர் கடைசியில் மின்கட்டணத்தை எடுத்தேன். அப்போதைய விதிப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஸ்லாப் ஸ்லாப்பாக விலை. 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப்பின் விலையும் மாறும், அதனால் 500க்கும் 501க்கும் நடுவில் அந்த ஒற்றை யூனிட் 200 ரூபாய்க்கு மேல் இழுத்துவிடும். யூனிட்டுக்குச் சராசரி எவ்வளவு, கடைசி யூனிட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்து, எல்லாரும் வீட்டு ஈ.பி. பில் கொண்டுவாருங்கள் என்றேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வாடகை வீடு. பில் ஹவுஸ் ஓனரிடம் இருக்கும், இவர்கள் சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் கொடுப்பார்கள். பாடம் படுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, தண்டியார்பேட்டையில் இருந்து வரும் பெண் கேட்டாள்: "எங்க போர்ஷனுக்கு 180 யூனிட் வந்துச்சு, 1,440 குடுத்தோம். தனி கனெக்ஷனா இருந்தா 100 ஃப்ரீ போக 80 யூனிட்டுக்குத்தானே? 200 ரூபாதான் வரும். அந்த 100 யூனிட் யாருக்குப் போச்சு மேம்?"

வகுப்பில் ஹவுஸ் ஓனர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவன் எழுந்து, நாலு போர்ஷனுக்கும் ஒரே கனெக்ஷன் என்றால் இலவசம் ஒரே ஒரு 100தான், மொத்தம் 700 யூனிட் போனால் மேல் ஸ்லாப் விலை, மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் ஓனர் தலையில்தான் என்றான். சரி, இரண்டு பேரும் உங்கள் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள், எத்தனை கனெக்ஷன், மொத்த பில் எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு என்று எல்லாம் தெரிந்தால்தான் 8 ரூபாய் நியாயமா என்று சொல்ல முடியும் என்றேன். அவன் வீட்டில் இருந்து பில்லின் போட்டோ வந்தது. மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று அவன் அப்பாவுக்கே தெரியாதாம், அதனால் ஒரு வாரம் மோட்டார் போட்ட நேரத்தை அவனே எழுதிவைத்துக் கணக்கிட்டான். போர்ஷன்காரர்கள் 8 கொடுக்கிற இடத்தில் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம் என்று வந்தது. அப்பாவிடம் காட்டினாயா என்று கேட்டதற்கு, "செமஸ்டர் ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம் காட்டறேன் மேம்" என்றான்.